200 குட்டான் மட்டும்

மாண்ட்ரியலில் பார்க் மெட்ரோவில் இறங்கி மேலே வந்தால், 1931இல் கனடியன் பசிபிக் ரயில்வே கட்டிய பழைய ஜான்-தலோன் ரயில் நிலையம் எதிரே நிற்கும். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பார்க் எக்ஸ்டென்ஷன். ஒன்றரைச் சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான இடத்தில் ஏறத்தாழ 30,000 பேர் நெருக்கியடித்து வாழும் பேட்டை. அறுபது, எழுபதுகளில் கிரேக்கர்கள் வந்து நிறைந்தார்கள். எண்பதுகளுக்குப் பிறகு ஈழத்தமிழர், பஞ்சாபியர், வங்காளதேசத்தவர், பாகிஸ்தானியர் என்று கடைகளும் வாசனைகளும் கைமாறின.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், நடந்தே போய்விடும் தூரத்தில், புதுப்பித்த பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் 2019 முதல் மிலா இயங்குகிறது. யோஷுவா பென்ஜியோ தொடங்கிய செயற்கை நுண்ணறிவு ஆய்வு நிறுவனம் அது. அந்தப் பகுதிக்கு இப்போது வழங்கும் பெயர் மைல்-எக்ஸ். பக்கத்துப் பேட்டையான மைல் எண்டிலிருந்து பாதி, பார்க் எக்ஸ்டென்ஷனின் செல்லப்பெயரான பார்க் எக்ஸிலிருந்து பாதி. அதே ஆண்டு பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் வளாகமும் திறந்தது. ஆய்வாளர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது, குடியிருப்போர் சங்கம் தெருவில் இறங்கியது. அந்தக் கதைக்குத் தனிப் புத்தகமே வேண்டும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது சின்ன விஷயம். ஜான்-தலோன் தெருவில் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளருக்கு அனுப்ப இரண்டு வரி விளம்பரம் வேண்டுமென்று கைபேசியில் ஏஐயிடம் கேட்கிறார். கண் இமைப்பதற்குள் வரி வந்துவிடுகிறது. இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை. ஆனாலும் சப்பென்று இருக்கிறது. ஏன்? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தில் இன்று நடக்கும் கணக்கிலேயே இதற்கு விடை உண்டு.

1951இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் ஒரு விளையாட்டை ஆய்வாக மாற்றினார். ஆங்கில வாக்கியம் ஒன்றை மறைத்துவைத்து, அடுத்து வரும் எழுத்து எது என்று ஒருவரைக் கேட்க வேண்டும். தவறாகச் சொன்னால் மறுபடி ஊகிக்கலாம். 26 எழுத்துகளும் இடைவெளியும் சம வாய்ப்புடன் வருவதாக இருந்தால் ஓர் எழுத்துக்கு 4.75 பிட் தகவல் இருக்கும். மொழி தெரிந்தவர் முன்னால் வந்ததைப் பார்த்து ஊகிக்கும்போது அது 0.6க்கும் 1.3க்கும் இடையே விழுந்துவிடுகிறது என்று ஷானன் மதிப்பிட்டார். நாம் எழுதுவதில் பெரும்பகுதி, படிப்பவர் ஏற்கெனவே ஊகித்துவிட்டதுதான். ஷானனின் கணக்கில் தகவல் என்பது எதிர்பாராமையின் அளவு. நினைத்தபடியே வந்து நின்ற சொல்லில் தகவல் ஏதும் இல்லை.

பென்ஜியோவும் மாண்ட்ரியல் பல்கலைக்கழக நண்பர்கள் மூவரும் 2003இல் வெளியிட்ட கட்டுரை இந்த விளையாட்டை நரம்பு வலையமைப்பிடம் ஒப்படைத்தது. முந்தைய சில சொற்களைக் கொடுத்தால் அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று அது சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லும் எண்களின் வரிசை ஒன்றாக மாறும். பொருளால் நெருங்கிய சொற்களின் எண்வரிசைகளும் நெருங்கி நிற்கும். அதனால் 'பூனை' என்று படித்தது 'நாய்' என்ற இடத்திலும் உதவும். இயந்திரத்தின் தடுமாற்றத்தை அளக்க பெர்ப்ளெக்ஸிட்டி என்ற அளவு இருக்கிறது. அடுத்த சொல்லுக்காக எத்தனை சொற்களிடையே அது குழம்பி நிற்கிறது என்பதே அதன் பொருள். பிரவுன் தொகுப்பு என்ற சுமார் 12 லட்சம் சொற்கள் கொண்ட ஆங்கிலத் தொகுப்பில், அன்று இருந்த எண்ணிக்கை முறைகளில் சிறந்தது 312இல் நின்றது. புதிய வலையமைப்பு 252க்கு வந்தது. இன்று கைபேசியில் விளம்பரம் எழுதித் தரும் ஏஐ மாதிரிகளெல்லாம் இந்த வம்சம்தான். தரவு பல லட்சம் மடங்கு பெருத்திருக்கிறது. பயிற்சியின் குறி மாறவில்லை: குழப்பத்தைக் குறை, அடுத்த சொல்லைக் கண்டு திகைக்காதே.

அதற்குமேல் இன்னொரு பயிற்சியும் உண்டு. பல விடைகளை மனிதர்களிடம் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டு, அந்தத் திசையில் மாதிரியைத் தள்ளுகிறார்கள். யாருக்கும் உறுத்தாத விடையே அதிகம் வெல்கிறது. முன்பு நடு வழியில் போன இயந்திரம் இப்போது நடு வழியின் நடுக்கோட்டில் போகிறது.

நம் கடைக்காரருக்கு வந்த வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியத்திற்குத் தரமான பொருட்கள், நியாயமான விலையில்!' முதல் இரண்டு சொல்லைக் கேட்டதுமே மீதியை நாமே சொல்லிவிடலாம். ஷானன் இருந்திருந்தால் இதில் ஒரு பிட் தேறுமா என்று பார்த்திருப்பார். இதை எண்ணியும் பார்க்கலாம். குறுஞ்செய்தியில் ரோமன் எழுத்து என்றால் 160 இடம், தமிழ் போன்ற யுனிகோட் எழுத்து என்றால் 70 இடம். மெய்யெழுத்தின் புள்ளி, உயிர்மெய்யின் கொம்பு, கால் எல்லாம் தனித்தனி இடம் எடுக்கும். மேலுள்ள வரி 75 இடம் கேட்கிறது. ஒரு செய்தியில் அடங்காது, இரண்டாக உடையும். ஒன்றும் சொல்லாததற்கு இரட்டைக் காசு.

இந்தக் கணக்கு பார்க் எக்ஸ்டென்ஷனில் வெறும் ஏட்டுக் கணக்காக இருப்பதில்லை. 2023 மே முதல் மாண்ட்ரியலில் கேட்டு வாங்கும் வீடுகளுக்கு மட்டுமே விளம்பரத் துண்டறிக்கை போடலாம். கதவுக்குக் கதவு காகிதக் கட்டு தொங்கிய காலம் போய்விட்டது. மிச்சம் இருப்பது கடைக் கண்ணாடி, வாட்ஸ்அப் குழு, குறுஞ்செய்தி. இடம் சுருங்கச் சுருங்க, ஒவ்வொரு சொல்லும் உழைத்தாக வேண்டும்.

அதே கடையில், அதே வாரத்துக்கு, இன்னொரு வரி: 'வெள்ளி காலை யாழ் பனங்கட்டி வருது. 200 குட்டான் மட்டும்.' 55 இடம். கடையின் பெயருக்கு இன்னும் 15 இடம் பாக்கி. இதில் எந்தச் சொல்லும் தானாக வந்து விழாது. வெள்ளி ஏன், வியாழன் ஏன் இல்லை? 200 ஏன்? அவை கடைக்காரருக்கு மட்டும் தெரியும். பனையோலையில் முடைந்த குட்டானோடு வரும் பனங்கட்டியைச் சின்ன வயதில் கையில் வாங்கியவருக்கு அந்த ஒரு சொல்லே போதும். மற்றவருக்கு அது என்ன என்று கேட்கத் தோன்றும். இரண்டுமே கடைக்கு ஆள் சேர்க்கும்.

இந்த உத்தி ஏஐக்கு நூறாண்டு மூத்தது. விளம்பரக்காரர் கிளாட் ஹாப்கின்ஸ் தன் சுயசரிதையில் ஷ்லிட்ஸ் பியர் தொழிற்சாலைக்குப் போன கதையைச் சொல்கிறார். எல்லாக் கம்பெனிகளும் 'தூய்மை' என்று பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருந்த நேரம். அவர் உள்ளே போய்ப் பார்த்தார். வடிகட்டிய காற்று நிரம்பிய கண்ணாடி அறையில் பியர் குழாய்களின்மேல் சொட்டிக் குளிர்கிறது. ஒவ்வொரு புட்டியும் திரும்பத் திரும்பக் கழுவப்படுகிறது. இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லோரும் செய்வதுதானே என்றார்கள். ஹாப்கின்ஸ் அதை அப்படியே எழுதினார், விற்பனை கிடுகிடுவென ஏறியது. இன்றைய மாதிரியிடம் பியர் விளம்பரம் கேட்டால் அது 'தூய்மை' என்றுதான் தொடங்கும். தொழிற்சாலைக்குள் அது போனதில்லை.

எல்லோரும் ஒரே கருவியைப் பிடித்தால் தெரு முழுக்க என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அனில் தோஷியும் ஆலிவர் ஹவுசரும் 2024இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் எழுதினார்கள். ஏஐ தந்த கருவை வைத்துக் குட்டிக் கதை எழுதியவர்களுக்குத் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல மதிப்பெண். சுமாராக எழுதுபவர்களுக்குத்தான் ஏற்றம் அதிகம். ஆனால் கதைகளை மொத்தமாக வைத்துப் பார்த்தால் ஒன்றையொன்று ஒத்துப்போயின. கதையில் அது வெறும் அலுப்பு. விளம்பரத்தில் நேரடி நஷ்டம், ஏனென்றால் பக்கத்துக் கடையிலிருந்து வேறுபட்டுத் தெரிவதற்காகத்தான் காசு செலவழிக்கிறோம்.

அப்படியானால் ஏஐயைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். அதற்குத் திரும்பிப் பார்க்கத் தெரியும், அந்தத் திறமையும் மாண்ட்ரியலில்தான் முளைத்தது. 2014இல் திமித்ரி பஹ்தானாவ், கியுங்யுன் சோ, பென்ஜியோ மூவரும் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்கும் வலையமைப்பில் ஒரு சிக்கலோடு மல்லாடினார்கள். அதுவரை முழு வாக்கியத்தையும் ஒரே அளவான எண்வரிசைக்குள் திணித்து, அதிலிருந்து மொழிபெயர்ப்பை இழுத்தார்கள். வாக்கியம் நீண்டால் விஷயம் சிதறியது. இவர்கள் செய்த மாற்றம்: ஒவ்வொரு சொல்லை எழுதும்போதும் மூல வாக்கியத்தின் எல்லாச் சொற்களையும் திரும்பிப் பார்த்து, இப்போது எதற்கு எவ்வளவு எடை என்று இயந்திரமே கணக்கிடட்டும். கவனம் என்று பெயர் பெற்ற இந்த முறையை மையமாக வைத்து 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் இன்றைய மாதிரிகளுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் என்ற வலையமைப்பைக் கட்டினார்கள்.

விளம்பரம் எழுதுபவருக்கு இதில் கிடைக்கும் பாடம் நேரானது. நீங்கள் கொடுத்த குறிப்பில் 'வெள்ளி', '200', 'குட்டான்' இருந்தால் எழுதும்போது இயந்திரம் அவற்றைத் திரும்பிப் பார்க்கும். குறிப்பில் ஒன்றும் இல்லையென்றால், பயிற்சியில் படித்த கோடிக்கணக்கான விளம்பரங்களின் சராசரியில் போய் விழும். 'கவர்ச்சியாக எழுது', 'மனதைத் தொடும்படி எழுது' என்ற கட்டளைகளால் பயன் இல்லை. கவர்ச்சி என்ற சொல்லைச் சுற்றி இணையத்தில் எவ்வளவு தேய்ந்த வரிகள் இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். அதைவிடக் கடைக்காரர் கைபேசியில் ஐந்து நிமிடம் வாயாரப் பேசுவது நல்லது. சரக்கு எங்கிருந்து வருகிறது, போன தடவை எந்த நாளில் தீர்ந்தது, யார் யார் கேட்டு ஏமாந்து போனார்கள், ஓலை ஏன் கொஞ்சம் கறுத்திருக்கும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, 'இதற்கு வெளியே ஒரு சொல்லும் சேர்க்காமல் 55 இடத்துக்குள் இருபது வகையாகச் சுருக்கு' என்று கேட்கலாம். வெட்டுவதும் மாற்றி மாற்றி அடுக்குவதும் இயந்திரத்துக்கு அலுக்காத வேலை. எண்ணிக்கையை மட்டும் நீங்களே சரிபாருங்கள், எழுத்தெண்ணுவதில் இந்த மாதிரிகள் அடிக்கடி கோட்டை விடும். 2018லேயே அலிபாபா தன் கருவி ஒரு நொடியில் 20,000 விளம்பர வரி எழுதும் என்று அறிவித்தது. வரிக்குப் பஞ்சம் தீர்ந்து வெகுநாளாகிறது. இருபதில் பத்தொன்பதைக் குப்பையில் போடும் கண்தான் அரிது.

'இதற்கு வெளியே ஒரு சொல்லும்' என்ற நிபந்தனையைச் சும்மா போடவில்லை. பனங்கட்டி என்று சொன்னதும் மாதிரி பெரும்பாலும் உடல்நலப் பேச்சுக்குத் தாவும். 'சர்க்கரை நோயாளிகளுக்கும் உகந்தது' என்று கூசாமல் எழுதும். இணையத்தில் அந்தச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் அதற்கு அது மிக இயல்பான அடுத்த சொல். பனங்கட்டியும் சர்க்கரைதான், இரத்தத்தில் அதுவும் ஏறத்தான் செய்யும். உணவு நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைக் கனடாவின் சட்டம் கறாராகக் கட்டுப்படுத்துகிறது. பழைய விலை இவ்வளவு, இன்று இவ்வளவு என்று போட்டால், அந்தப் பழைய விலைக்கு உண்மையிலேயே விற்றிருக்க வேண்டும் என்பது போட்டிச் சட்டத்தின் விதி. இயந்திரத்துக்கு உங்கள் பழைய விலை தெரியாது. கேட்டால் அழகான ஒரு எண்ணை எழுதித் தரும்.

எழுதியது இயந்திரம், நானல்ல என்று தப்பிக்க முடியாது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் ஏர் கனடா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடும்பத்தில் துக்கம் நேர்ந்த பயணியிடம், முழு விலைக்கு டிக்கெட் வாங்கிவிட்டுப் பிறகு சலுகை கேட்கலாம் என்று நிறுவனத்தின் சாட்பாட் சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பதுபோல் வாதாடினார்கள். தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, 800 டாலருக்குச் சற்று மேல் கட்டச் சொன்னது. விமான நிறுவனத்துக்கு அது சில்லறை. பலசரக்குக் கடைக்கு ஒரு மாதத்து மின்கட்டணத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

இங்கே ஒரு கேள்வி எழும். எந்த வரி நல்லது என்று நாம் ஏன் மண்டையை உடைக்க வேண்டும், இரண்டையும் அனுப்பிச் சோதித்தால் போதாதா? பெரிய இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஜேபி மார்கன் சேஸ் வங்கி 2019இல் ஏஐயால் விளம்பர வரி எழுதும் பெர்சாடோ என்ற நிறுவனத்தோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. வீட்டின் பேரில் கடன் வாங்கும் திட்டத்துக்கு மனிதர் எழுதிய வரியால் வாரத்துக்கு 25 விண்ணப்பம், இயந்திரம் எழுதியதால் 47. இயந்திரத்தின் வரியில் முக்கியமான மாற்றம், தொடக்கத்தில் 'உண்மைதான்' என்ற பொருளில் ஒரு சிறு தொடர் சேர்த்தது. ஏன் அது வேலை செய்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, வங்கியிடம் லட்சக்கணக்கில் கண்கள் இருக்கின்றன.

கடைக்காரர் அதே வேலையைச் செய்தால்? முதல் வரியை 100 பேருக்கு அனுப்பினார், 5 பேர் வந்தார்கள். இரண்டாம் வரி இன்னொரு 100 பேருக்கு, 8 பேர் வந்தார்கள். இரண்டாவது வென்றது என்று தோன்றும். புள்ளியியல் அப்படிச் சொல்லாது. இரண்டு வரியும் சமமாகவே இருந்தாலும் இவ்வளவு இடைவெளி தற்செயலாக மூன்றில் ஒரு தடவைக்கு மேல் வரும். 5 சதவீதத்துக்கும் 8 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிக்கையோடு பிரித்துக் காட்ட ஒவ்வொரு வரிக்கும் ஏறத்தாழ ஆயிரம் பேர் தேவை. முழுப் பேட்டையே 30,000 பேர், அதில் தமிழர் ஒரு பகுதி, அதில் இவரிடம் வருபவர் இன்னும் சிறு பகுதி. வங்கியின் ஆய்வுக்கூடம் இவருக்குக் கிடையாது. ஆனால் கல்லாவில் நிற்கும் நேரமெல்லாம் ஆட்களோடு பேசுகிறார். எந்த வீட்டில் கலியாணம், யார் விரதம், ஜூலை 1ஆம் தேதி யார் வீடு மாறுகிறார்கள் என்று அறிந்தவர் அவர். கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடிகின்றன. ஜூலை முதல் நாள் தெருவெல்லாம் கட்டிலும் குளிர்பெட்டியும்தான். அன்று மதியம் சமைக்க முடியாத ஒரு வீட்டுக்குக் கொத்துரொட்டி விளம்பரம் போனால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

கடைசியாக, மொழி. இணையத்தில் பரவலாக வழங்கும் குறியீட்டு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 'தள்ளுபடி' 24 பைட் பிடிக்கும். அதே பொருளில் கியூபெக் கடைகளில் தொங்கும் 'ரபே' (rabais) என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 6 போதும். மாதிரிகள் சொற்களைத் துண்டாக்கிப் படிக்கின்றன. அதிகம் பார்த்த மொழியைப் பெரிய துண்டுகளாகவும், குறைவாகப் பார்த்ததைச் சின்னச் சின்னச் சில்லுகளாகவும் வெட்டும். அதனால் தமிழில் ஒரே விஷயத்துக்குக் கூடுதல் துண்டு, கூடுதல் செலவு, கூடுதல் தடுமாற்றம். இணையத்தில் இருக்கும் தமிழிலும் பத்திரிகைத் தமிழும் தமிழ்நாட்டு வழக்கும் தூக்கலாக இருப்பதால், ஈழத்தமிழருக்கு 'மரக்கறி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'காய்கறி' வந்து உட்கார்ந்துவிடும். பிரெஞ்சின் நிலை வேறு. 1977 முதல் கனடாவின் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றியது மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவான மெட்டியோ என்ற நிரல். ஐபிஎம் ஆய்வாளர்கள் புள்ளியியல் மொழிபெயர்ப்பைப் பழக்கியது கனடா நாடாளுமன்றத்தின் இருமொழிப் பதிவேட்டை வைத்து. பஹ்தானாவின் சோதனையும் அதே இரு மொழிகளுக்கிடையேதான். இந்த இயந்திரங்களுக்குப் பிரெஞ்சு பால்குடி நாளிலிருந்தே பழக்கம்.

கியூபெக் சட்டமோ பிரெஞ்சையே முதலில் கேட்கிறது. 1977இன் பிரெஞ்சு மொழிச் சாசனம் கடைப் பலகைகளில் பிரெஞ்சு மட்டும் என்றது. 1988இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1993இல் வேற்று மொழியும் இருக்கலாம், பிரெஞ்சு தெளிவாக மேலோங்கி நிற்க வேண்டும் என்று மாற்றினார்கள். அதற்கான அளவுகோல், மற்ற மொழிக்கு ஒதுக்கிய இடத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு. 2025 ஜூன் 1 முதல், வெளியிலிருந்து தெரியும் கடைப் பெயர் வேறு மொழியில் இருந்தாலும் அதே அளவுகோல்தான்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கண்ணாடியில் ஒட்டும் சுவரொட்டியின் பிரெஞ்சுப் பகுதியை ஏஐயிடம் தாராளமாக விடலாம். அது நன்றாக எழுதும் மொழி, பெரிய இடம், பொதுவான வாசகர். பிரெஞ்சு தெரிந்த பிள்ளை ஒரு தடவை பார்த்தால் போதும். தமிழ்ப் பகுதி சின்னது, இயந்திரம் திணறும் மொழி, வாசகர் கடைக்காரருக்கு முகம் தெரிந்தவர். அதைக் கடைக்காரரே எழுதட்டும். பிரெஞ்சல்லாத மொழியில் வெளியாகும் பத்திரிகை விளம்பரத்துக்குச் சாசனத்தின் இந்த விதி பொருந்தாது. உள்ளூர்த் தமிழ்ப் பத்திரிகையில் கால் பக்கம் எடுத்தால், கால் பக்கமும் பனங்கட்டிக்குத்தான்.